கேட்கும் வயது

காது நன்றாகக் கேட்கும் குழந்தையிடம் மொழி வந்து சேரும் விதத்தை வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. வந்துவிட்ட பிறகுதான் கவனிக்கிறார்கள். அடித்தளம் முழுவதும் முதல் பிறந்த நாளுக்குள் போடப்பட்டுவிடுவதாலும், அதன்பின் எல்லாம் மிக விரைந்து நடப்பதாலும், எந்தச் சொல்லை எங்கே கேட்டது, எந்த விகுதியை எப்போது பிடித்தது என்று எவராலும் சொல்ல முடிவதில்லை. பிறவியிலேயே செவித்திறன் இல்லாமல் இருந்து, இரண்டு அல்லது மூன்று வயதில் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தப்பட்டு, அதன்பின் கேட்கத் தொடங்கும் குழந்தையிடம் இதே நிகழ்வு தாமதமாக, பயிற்சி அறையின் பாயில் எதிரே உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளக்கூடிய வேகத்தில் நடக்கிறது. பேச்சு, கேட்டல் பயிற்சியாளரின் தொழில் இக்காரணத்தால், மொழி மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்ற பழைய கேள்விக்கு மிக அருகில் நின்று செய்யப்படும் தொழிலாகிறது. ஆயினும் இதில் நெடுங்காலம் இருப்பவர்கள் தனிமையில் ஒப்புக்கொள்ளும் செய்தி, தாங்கள் எந்தக் குழந்தைக்கும் மொழியைக் கற்பித்துவிடவில்லை என்பதே.

காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது ஒலியைப் பெரிதாக்கும் சாதாரணக் காதுக்கருவி போன்றதன்று. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பில் உள்ள மயிர்ச்செல்கள், அதாவது ஒலி அதிர்வை நரம்புத் தூண்டலாக மாற்றும் நுண்ணிய செல்கள், செயல்படாதபோது, அவற்றைத் தாண்டிச் சென்று செவிநரம்பையே மின்சாரத்தால் தூண்டும் கருவி அது. காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசசர் ஒலியை வாங்கிக் குறியீடாக மாற்ற, காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் காயில் அக்குறியீட்டைத் தோலுக்கு அடியில் உள்ள பகுதிக்கு அனுப்ப, அங்கிருந்து நத்தைச்சுருளுக்குள் செருகப்பட்ட மின்முனைகள் நரம்பைத் தூண்டுகின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சை இலவசமாகக் கிடைப்பதால், பல லட்ச ரூபாய் பெறும் இக்கருவி கூலி வேலை செய்வோர் வீட்டுக் குழந்தைகளின் தலையிலும் இருக்கிறது. பயிற்சி அறைக்கு வரும் தமிழும் அதற்கேற்ப எல்லா மாவட்டத்துத் தமிழாகவும் இருக்கிறது.

இத்தொழிலில் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு வயதுகள் எழுதப்படுகின்றன. ஒன்று பிறந்த நாளிலிருந்து எண்ணும் வயது. மற்றொன்று கருவி இயக்கப்பட்ட நாளிலிருந்து, பயிற்சி அறையின் பேச்சில் 'ஸ்விட்ச் ஆன்' ஆன நாளிலிருந்து, எண்ணும் 'கேட்கும் வயது'. மூன்று வயதுக் குழந்தையின் கோப்பில் 'கேட்கும் வயது நான்கு மாதம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பெற்றோர் முகம் சுருங்குவதுண்டு. ஆனால் அந்தக் கணக்கும்கூடச் சற்றுத் தாராளமானது. செவியுள்ள குழந்தை பிறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே ஒலிக்கு எதிர்வினை காட்டுகிறது. பிறந்த சில நாள்களிலேயே மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்பதற்காகத் தன் உறிஞ்சும் வேகத்தை மாற்றிக்கொள்கிறது என்பதை 1980-இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை கீழிருந்து மேலேறும் தொனியிலும், ஜெர்மன் குழந்தைகளின் அழுகை மேலிருந்து இறங்கும் தொனியிலும் அமைய முனைகிறது என்பது 2009-இல் வெளிவந்த வெர்ம்கே குழுவினரின் ஆய்வு. கருவறையிலேயே மொழியின் ராகம் காதில் விழத் தொடங்கிவிடுகிறது என்பதால், மூன்று வயதில் ஸ்விட்ச் ஆன் ஆகும் குழந்தை புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கும் சற்றுப் பின்னால்தான் நிற்கிறது.

பின்னால் நிற்பது மட்டுமன்று. கதவுகள் சில மூடிக்கொண்டும் வருகின்றன. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ் பேசுவோர் தனியாகக் கவனிக்க வேண்டியது. இந்தியில் பல்லைத் தொட்டு ஒலிக்கும் தகரத்துக்கும் நாவை மேல்நோக்கி வளைத்து ஒலிக்கும் டகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை, ஆங்கிலம் மட்டுமே புழங்கும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் உணர்ந்தார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. தன் மொழிக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விடும் இந்த வடிகட்டல், முதல் சொல் வாயில் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 'பத்து', 'பட்டு' என்ற வேறுபாடு தமிழ்க் குழந்தைக்கு எந்த முயற்சியும் இன்றி நிலைத்துவிட, பயிற்சி அறையில் அதே வேறுபாடு மாதக்கணக்கான உழைப்பாகிறது. நாக்கு எங்கே தொட்டால் எந்த ஒலி பிறக்கும் என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விரிவாகவே சொல்கிறது. ஆனால் நாக்கின் இடத்தைக் கண்ணாடியில் காட்டிச் சொல்லிக்கொடுத்த டகரம் அந்த அறையோடு நின்றுவிடும், காதால் பிரித்தறிந்த டகரம்தான் வீடு வரை போகும் என்பது பயிற்சியாளர் ஒவ்வொருவரும் அறிந்தது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப்பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்று உலகெங்கும் வலியுறுத்தப்படும் கால அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் அவசரம் இதுவே.

ஸ்விட்ச் ஆன் அன்று குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் என்று கைப்பேசியில் படம் பிடிக்கத் தயாராக வரும் குடும்பங்கள் பல. குழந்தை பெரும்பாலும் அழும், அல்லது விளையாட்டை நிறுத்திவிட்டு அசையாமல் இருக்கும். ஒலி என்ற ஒன்று உலகில் இருக்கிறது என்பதே அதற்குப் புதுச் செய்தி. அதற்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் செய்யப்படுவது, டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறும் பேச்சின் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண் வரை பரவியிருப்பதால், இவை கேட்டால் பேச்சு முழுவதும் காதுக்கு எட்டுகிறது என்று பொருள். குழந்தை ஒரு மரக்கட்டையைக் காதருகே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒலி கேட்டதும் டப்பாவில் போட வேண்டும். பயிற்சியாளர் வாயைக் கையால் மறைத்தால் ஒலி மங்கிவிடும் என்பதால், மெல்லிய துணி கட்டிய எம்பிராய்டரி வளையத்தை உதட்டுக்கு முன் பிடித்துக்கொள்வார். இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் ஆறு ஒலிக்கும் ஆறு கட்டைகள் சரியாக விழுந்தால் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. எதிரே உட்கார்ந்திருக்கும் தாய், ஒவ்வொரு ஒலிக்கும் தன்னையறியாமல் புருவத்தை உயர்த்தியிருப்பார். குழந்தை அந்தப் புருவத்தைப் படித்திருக்கும். "நீங்க கொஞ்சம் பின்னாடி வந்து உக்காருங்கம்மா" என்று தாயை இடம் மாற்றிய பிறகு விழும் கட்டைகளே கணக்கில் சேரும். நேற்று வரை விழுந்த 'ஸ்' இன்று விழவில்லை என்றால் குழந்தையைக் குறைசொல்லும் முன் பிராசசரைத்தான் பார்க்க வேண்டும்: மைக்கில் தலைக்கு வைத்த எண்ணெயும் வியர்வையும் ஏறியிருக்கும், அல்லது இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் டப்பாவில் வைக்க மறந்திருப்பார்கள்.

இக்கருவி தருவது எவ்வளவு குறைந்த ஒலி என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். இயல்பான உட்செவியில் மூளைக்குச் செய்தி அனுப்பும் உள்வரிசை மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 3,500 உண்டு; அவற்றின் வேலையை ஏற்கும் மின்முனைகள் பரவலாகப் புழங்கும் கருவிகளில் 12 முதல் 22 வரைதான். இந்தக் குறுகிய வழியே தமிழ் எப்படி நுழைகிறது என்பதில் பயிற்சியாளருக்கு மட்டும் தெரிந்த ஒரு புவியியல் இருக்கிறது. குறிலும் நெடிலும் கால அளவால் வேறுபடுவதால் 'பல்', 'பால்' என்பன எளிதில் பிரிந்துவிடுகின்றன. 'பழம்', 'தண்ணி', 'பிஸ்கட்' போன்றவை அசை அமைப்பால் அடையாளம் காணப்படுகின்றன. சிக்கல் இருப்பது சொல்லின் இறுதியில். பேச்சுத் தமிழில் 'வந்தான்' என்பதன் கடைசி னகரம் தனி மெய்யாக ஒலிப்பதில்லை. அது மறைந்து, முன்னிருக்கும் ஆகாரத்தை மூக்கொலியாக மாற்றிவிடுகிறது. 'வந்தாள்' என்பதன் ளகரமோ சுவடின்றிப் போய்விடுகிறது. ஆகவே ஆண் வந்ததற்கும் பெண் வந்ததற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் ஓர் உயிரெழுத்தில் மூக்கின் சாயல் இருக்கிறதா இல்லையா என்பதில் தொங்குகிறது. மின்முனைகள் மிக மோசமாகக் கடத்தும் செய்திகளில் அந்தச் சாயலும் ஒன்று. இக்குழந்தைகளில் பலர் இதைக் காதால் மட்டும் தீர்ப்பதில்லை. வாக்கியத்தில் முன்னால் வந்த பெயர், சுட்டும் விரல், கதையில் யார் மிச்சம் என்ற கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து முடிவுகட்டி, பிறகு அந்த மங்கிய ஒலிக்கு அம்முடிவையே பொருளாக வைத்துக்கொள்கிறார்கள். இவ்வேலையைச் செய்யும்படி அவர்களுக்கு எவரும் சொல்லித்தருவதில்லை. சொல்லித்தர முடியும் என்றும் தோன்றவில்லை.

சொல்லித்தரக்கூடியவை பெயர்கள். படஅட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி "இது என்ன? இது என்ன?" என்று கேட்பது வீட்டில் எல்லோருக்கும் பிடித்த பயிற்சி, ஏனெனில் அதில் முன்னேற்றத்தை எண்ணிப் பார்க்கலாம். நூறு அட்டைகளுக்குப் பெயர் சொல்லிவிட்டு, தாகம் எடுத்தால் தாயின் முந்தானையை இழுக்கும் குழந்தை பயிற்சி அறைகளில் அரிதன்று. அட்டைகளில் பல பாடநூல் தமிழில் அச்சாகியிருப்பது இன்னொரு இடர். எழுதுவதற்கு ஒரு தமிழும் பேசுவதற்கு ஒரு தமிழுமாக வாழும் சமூகத்தில், செவியுள்ள குழந்தை பேச்சு வழக்கை முழுமையாகப் பெற்றபின்தான் பள்ளியில் எழுத்து வழக்கைச் சந்திக்கிறது. இக்குழந்தைக்கோ 'நீர் அருந்து' என்று அட்டையும், 'தண்ணி குடி' என்று பாட்டியும் ஒரே வாரத்தில் அறிமுகமாக, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஊகிக்க அதற்கு இன்னும் வழியில்லை. வீட்டில் எந்தத் தமிழ் புழங்குகிறதோ, அதை அதன் வட்டார வாடையோடு, விகுதியை விழுங்காமல், குழந்தை செய்துகொண்டிருக்கும் செயலோடு ஒட்டிப் பேசிக்கொண்டிருப்பதே பெற்றோர்க்குத் தரப்படும் முதன்மையான அறிவுரை. 'சொல்லு, சொல்லு' என்ற சொல்லை வீட்டிலிருந்தே அகற்றிவிடச் சொல்லும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள்; இதை எழுதுபவரும் அவர்களில் சேர்ந்தவர்தான்.

குழந்தையைப் பார்த்து ராகம் போட்டு, 'பாப்பாக்கு மம்மு வேணுமா' என்று எளிமையாக்கிப் பேசினால்தான் மொழி வரும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடவும் கூடாது. பாப்புவா நியூகினியின் கலூலி மக்கள் குழந்தையிடம் அப்படிப் பேசும் வழக்கம் உடையவர்கள் அல்லர் என்று பாம்பி ஷீஃபெலின் பதிவு செய்திருக்கிறார். அக்குழந்தைகளும் உரிய காலத்தில் பேசவே செய்கின்றன. கொஞ்சு மொழி உதவுகிறது, ஆனால் இன்றியமையாதது என்று சொல்வதற்கில்லை. கருவி வழியே கேட்கும் குழந்தைக்கு அது கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம், பக்கத்து அறைப் பேச்சு அதன் காதில் தானாக விழாது என்பதே.

எப்போது மொழி பிடித்துவிட்டது என்று பயிற்சியாளர் முடிவு செய்கிறார் என்றால், குழந்தை எவரும் சொல்லாத ஒன்றைத் தவறாகச் சொல்லும்போது. தொடக்கத்தில் 'அம்மா வா', 'தண்ணி வேணாம்', 'அப்பா போச்சு' என்று இரட்டைச் சொற்கள் வரும். தந்தையை அஃறிணையாக்கும் அந்தக் 'போச்சு' வெறும் கிளிப்பேச்சாகவும் இருக்கலாம், 'பால் போச்சு' என்பதிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு நாள் குழந்தை 'நானுக்கு' என்று சொல்லும். 'எனக்கு' என்பதை ஆயிரம் முறை கேட்டிருந்தும், 'அம்மாவுக்கு', 'அண்ணனுக்கு' என்பவற்றிலிருந்து 'உக்கு' என்ற உருபைத் தனியே கழற்றியெடுத்து, அதைத் தானே 'நான்' என்பதோடு ஒட்டியிருக்கிறது. 'ஓடுனேன்', 'வாங்குனேன்' என்பவற்றைக் கேட்ட வாய் 'சாப்பிடுனேன்' என்கிறது. 'வீட்ல', 'கடைல' கேட்ட வாய் 'மரம்ல குருவி' என்கிறது. இந்த வடிவங்களை அது எந்தப் பெரியவரிடமும் கேட்டிருக்க முடியாது. தாய் உடனே திருத்த வாயெடுப்பார். பயிற்சியாளர் அவரைக் கையமர்த்திவிட்டுக் கோப்பில் தேதியைக் குறிப்பார். ஜீன் பெர்க்கோ 1958-இல் இல்லாத ஒரு பிராணிக்கு 'வக்' என்று பெயரிட்டு, இரண்டு இருந்தால் என்ன சொல்வது என்று குழந்தைகளைக் கேட்டபோது, அவர்கள் கேட்டிராத சொல்லுக்குப் பன்மை விகுதி சேர்த்துச் சொன்னார்கள். குழந்தையிடம் இருப்பது மனப்பாடமன்று, விதி என்பதை அச்சோதனை காட்டியது. பாராட்டும் திருத்தமும்தான் மொழியை உருவாக்குகின்றன என்ற ஸ்கின்னரின் 1957-ஆம் ஆண்டு நூலை 1959-இல் சோம்ஸ்கி மறுத்து எழுதியதும் ஏறத்தாழ அதே காலம். சோம்ஸ்கி சொன்னதுபோல் இலக்கணத்துக்கென்றே பிறவியில் அமைந்த ஏற்பாடு உண்டா, அல்லது ஒழுங்குகளைப் பொறுக்கியெடுக்கும் பொதுத்திறனே போதுமா என்பது இன்னும் ஓயாத வழக்கு. எட்டு மாதக் குழந்தைகள் இரண்டு நிமிடம் கேட்ட தொடரொலியிலிருந்தே எந்த அசைக்குப்பின் எந்த அசை வருகிறது என்பதைக் கணித்துவிடுகிறார்கள் என்று 1996-இல் சாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் காட்டியது இரண்டாம் தரப்புக்கு வலுவூட்டியது. பயிற்சி அறையிலிருந்து பார்த்தால் இரு தரப்பும் ஒன்றை ஒப்புக்கொள்கின்றன: இலக்கணத்தைப் பிரித்தெடுக்கும் வேலை குழந்தையினுடையது.

தமிழின் அமைப்பு இதில் குழந்தைக்குச் சாதகமானது. சொல்லின் கடைசியைக் கவனி என்பது குழந்தைகள் எம்மொழியிலும் பின்பற்றும் உத்தி என்று டான் ஸ்லோபின் 1973-இல் எழுதினார். வேற்றுமையும் காலமும் இடமும் சொல்லின் வாலில் வரிசையாக ஒட்டும் துருக்கி மொழியில் இரண்டு வயதுக்குள் வேற்றுமை உருபுகள் நிலைபெறுகின்றன. அதே ஒட்டுநிலை அமைப்புடைய தமிழிலும் நிலை ஏறத்தாழ இதுவே. இந்தியாவின் முதல் கணிப்பொறிகளில் ஒன்றை உருவாக்கியவரான ஆர். நரசிம்மன், மொழிப்பேற்றிலும் ஈடுபாடு கொண்டு ஒரு தமிழ்க் குழந்தையின் உரையாடல்களை 9-ஆவது மாதத்திலிருந்து 33-ஆவது மாதம் வரை பதிவு செய்ய வழிசெய்தார். 1984-இல் மெக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் தொடங்கிய சைல்ட்ஸ் என்னும் உலகத் தரவுக் களஞ்சியத்தில் அப்பதிவு இருக்கிறது. ஆங்கிலக் குழந்தைகளுக்கென வகுத்த அளவுகோல்களை மொழிபெயர்த்துத் தமிழ்க் குழந்தைகளை அளக்கும் வழக்கத்தை மாற்ற, அத்தகைய தமிழ்ப் பதிவுகள் இன்னும் பல வேண்டியிருக்கின்றன.

கேட்க ஒரு மொழியே இல்லாவிட்டால் குழந்தை தானாக ஒன்றைப் பேசுமா என்பதை அறிய அரசர்கள் செய்து பார்த்ததுண்டு. எகிப்தின் சாமெட்டிகஸ் மன்னன் இரண்டு குழந்தைகளைப் பேச்சொலி படாமல் வளர்த்ததாக ஹெரோடோட்டஸ் எழுதிய கதையைவிட, அக்பர் செய்தது நம்பத்தக்க பதிவு. பேசாத தாதிகளின் பொறுப்பில் குழந்தைகளை அடைத்து வளர்த்த 'குங் மஹல்' என்ற ஊமை மாளிகைக்கு 1582-இல் அவர் சென்றபோது, அங்கிருந்து பேச்சென்று எதுவும் எழவில்லை என்று அக்பர்நாமா சொல்கிறது. மொழியின் தோற்றம் பற்றிய ஊகங்கள் பெருகிச் சலிப்பூட்டியதால், 1866-இல் பாரிஸ் மொழியியல் கழகம் அப்பொருளில் கட்டுரைகளையே ஏற்பதில்லை என்று விதித்தது. பிற்பாடு எந்த அரசரும் திட்டமிடாமல் அதற்கு ஒரு பதில் கிடைத்தது, நிகரகுவா நாட்டின் மனாகுவா நகரில். 1977-இல் தொடங்கிய சிறப்புப் பள்ளியிலும், புரட்சிக்குப் பின் 1980-இல் வந்த தொழிற்பள்ளியிலும், அதுவரை வீடுகளில் தனித்தனியே இருந்த காதுகேளாத சிறுவர்கள் முதல் முறையாகக் கூட்டமாகச் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் உதட்டைப் பார்த்து ஸ்பானிய மொழி கற்கச் சொன்னார்கள். அது அதிகம் பலிக்கவில்லை. விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் சிறுவர்கள் தத்தம் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேசிக்கொண்டது பலித்தது. 1986-இல் அழைக்கப்பட்டுச் சென்ற ஜூடி கெக்ல், பின்னர் ஆன் செங்கஸ் ஆகியோர் கண்டது, பின்னால் வந்த சின்னஞ்சிறு குழந்தைகள் மூத்தவர்களின் சைகையை வாங்கிக்கொண்டு அதைவிட நுட்பமான இலக்கணமாகத் திருப்பித் தந்ததை. ஒன்று உருண்டபடியே கீழே இறங்குவதை மூத்தவர்கள் பெரும்பாலும் ஒரே கையசைவில் காட்ட, இளையவர்கள் உருளுதலைத் தனியாகவும் இறங்குதலைத் தனியாகவும் பிரித்து அடுத்தடுத்து வைத்தார்கள் என்பது 2004-இல் வெளிவந்த ஆய்வு. தமிழ் 'உருண்டு இறங்கியது' என்று இரண்டு சொல்லாக்குவதும் இதே பிரிப்புதான். ஊமை மாளிகையிலும் குழந்தைகள் பலர் சேர்ந்தே இருந்தனர். அவர்களிடையே கையால் ஏதேனும் நடந்ததா என்று பார்க்க எவருக்கும் தோன்றியிருக்காது.

கை பேசத் தொடங்கினால் வாய் பேசாது என்ற நம்பிக்கை பயிற்சி அறைகளில் இன்றும் உண்டு. காதுகேளாதோர் கல்வியில் வாய்ப்பேச்சே சிறந்தது என்று தீர்மானித்து, பள்ளிகளிலிருந்து சைகையை வெளியேற்ற வழிவகுத்த 1880-ஆம் ஆண்டு மிலான் மாநாட்டின் நிழல் அவ்வளவு நீளமானது. இதை எழுதுபவரின் கணிப்பு வேறு. மூளையின் கேட்டல் பகுதி ஒலிக்காகத் திறந்திருக்கும் காலம் சுமார் மூன்றரை வயது வரை மிகச் சிறப்பாகவும், ஏழு வயதுக்குப் பின் மிகக் குறைவாகவும் இருக்கிறது என்பது அனு சர்மா குழுவினரின் மூளையலை ஆய்வுகள் காட்டுவது. குறை உறுதியாகி, சான்றிதழ்கள் சேர்ந்து, அறுவைச் சிகிச்சை முடியும் வரை கழியும் மாதங்களில் குழந்தைக்கு எந்த மொழியும் இல்லாமலிருப்பதுதான் உண்மையான இழப்பு. அந்தக் காலத்தில் சைகை மொழி கிடைத்த குழந்தை, பெயர் என்றால் என்ன, கேள்வி என்றால் என்ன, இன்று என்பதற்கும் நேற்று என்பதற்கும் என்ன வேறுபாடு என்பவற்றை ஏற்கெனவே அறிந்தபடி ஸ்விட்ச் ஆனுக்கு வருகிறது. ஐந்து வயது கடந்து வரும் குழந்தைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

பயிற்சியை எப்போது குறைப்பது என்பதற்கு அச்சிட்ட படிவங்களும் மதிப்பெண்களும் உண்டு. அவற்றில் இடம்பெறாத ஓர் அளவுகோலை அனுபவமுள்ளவர்கள் தனியே வைத்திருக்கிறார்கள். கேட்கும் வயது இரண்டை நெருங்கும் கட்டத்தில் சில தாய்மார்கள் ஒரு புகாரோடு வருவார்கள்: "மேடம், இப்பல்லாம் பொய் சொல்றான், சாப்பிடாமலே 'சாப்பிட்டேன், வெளையாடப் போறேன்'ங்கிறான்." கண்முன் இல்லாததையும் நடக்காததையும் சொல்ல முடிவது மனித மொழியின் அடையாளங்களில் ஒன்று என்று சார்லஸ் ஹாக்கெட் பட்டியலிட்டிருக்கிறார். பயிற்சியாளர் தாயிடம் இறந்தகால விகுதி சரியாக இருந்ததா, சொன்னபோது பையன் தட்டைப் பார்த்தானா தாயின் முகத்தைப் பார்த்தானா என்று விசாரித்துவிட்டு, வாரம் இருமுறை என்றிருந்த வருகையை மாதம் ஒருமுறை என்று மாற்றி எழுதுவார்.